லேபிள்ல 4.8 வோல்ட்... காற்றில் எவ்வளவு? மாடல் ஹெலிகாப்டரின் செர்வோவுக்கும் ஜைரோவுக்கும் சரியான வோல்டேஜ்



ரேடியோ கண்ட்ரோல் ஹெலிகாப்டர் கட்டத் தொடங்குற ஜூனியர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரு கேள்வி கேப்பாங்க: "செர்வோ மேல 4.8 வோல்ட்னு போட்டிருக்கு. பேட்டரியில 7.4 வோல்ட்னு போட்டிருக்கு. நடுவுல என்ன மாட்டணும்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனா ஒரு பொருளோட பேரைச் சொல்லி இதுக்குப் பதில் முடிச்சிட முடியாது. 4.8, 7.4 ரெண்டுமே லேபிள்ல இருக்கிற எண்கள். ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருக்கும்போது செர்வோவுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் வேறு.

நமக்குத் தேவை வேறு இரண்டு எண்கள். முதலாவது, பேட்டரி ஃபுல் சார்ஜில் இருக்கும்போது செர்வோவுக்கு வந்து சேரும் அதிகபட்ச வோல்டேஜ். இரண்டாவது, எல்லா செர்வோக்களும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்கும்போது ரிசீவரிலும் ஜைரோவிலும் மிஞ்சும் குறைந்தபட்ச வோல்டேஜ். முதல் எண் எல்லை மீறினால் செர்வோ கருகும். இரண்டாவது எண் எல்லைக்குக் கீழே போனால் ஜைரோவும் ரிசீவரும் நடுவானில் ரீசெட் ஆகும். இரண்டையும் எப்படிக் கணக்குப் போட்டு, எப்படி அளந்து பார்ப்பது என்பதுதான் இந்தப் பாடம். ஓம் விதி தெரிந்தால் போதும்.

வாலில் இருப்பவருக்குத்தான் வேலை அதிகம்

600 அளவு ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். மெயின் பிளேடு ஒவ்வொன்றும் சுமார் 60 சென்டிமீட்டர் நீளம். ஸ்வாஷ்பிளேட்டைத் தூக்கவும் சாய்க்கவும் 3 செர்வோக்கள். வால் ரோட்டரின் பிளேடு கோணத்தை மாற்ற இன்னொரு செர்வோ. ஆக மொத்தம் 4.

மெயின் ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது வால் ரோட்டர். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஜைரோ. உடம்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை ஜைரோவின் சென்சார் உணர்ந்து, உடனே வால் செர்வோவுக்குக் கட்டளை அனுப்பும்.

சாதாரண அனலாக் செர்வோவுக்கு விநாடிக்கு சுமார் 50 கட்டளைகள் போகும். ஜைரோவோடு சேரும் டிஜிட்டல் வால் செர்வோவுக்கு இது 300ஐயும் தாண்டும். பைலட் ஸ்டிக்கைத் தொடாமல் சும்மா மிதக்க விட்டாலும், வால் செர்வோ சின்னச் சின்னதாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். மற்ற செர்வோக்கள் அவ்வப்போது மூச்சு விடும். வால் செர்வோவுக்கு ரெஸ்ட்டே கிடையாது. அதனாலதான் வோல்டேஜ் விஷயத்துல முதல்ல அடிபடுறதும் அதுதான்.

இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்டால், ஒரு கணக்கு. ரோட்டரின் விட்டம் 1.35 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால், பிளேடு நுனியின் வேகம் விநாடிக்கு 141 மீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல்! 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் 19 வயது இளைஞர் ஒருவர், தான் பறக்கவிட்ட மாடல் ஹெலிகாப்டர் தாக்கியே இறந்துபோனார். அதுக்கு வோல்டேஜ் காரணம்னு நான் சொல்ல வரல. கட்டுப்பாடு போன ஹெலிகாப்டர் ஒரு விளையாட்டுப் பொருள் இல்லைன்னு மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

மேல் எல்லை: வெப்பம் இரு மடியில் ஏறும்

செர்வோவுக்குள் இருப்பது டிசி மோட்டார். அதன் வேகமும் டார்க்கும் ஏறக்குறைய வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் ஏறும். 4.8 வோல்டிலிருந்து 6.0 வோல்டுக்குப் போனால் 1.25 மடங்கு. எல்லாருக்கும் பிடிச்ச செய்தி இது.

பிடிக்காத செய்தி வெப்பம். மோட்டார் அசையாமல் நின்று இழுக்கும் நிலையில் வெப்பம் = வோல்டேஜ் × வோல்டேஜ் ÷ ரெசிஸ்டன்ஸ். எனவே அதே மாற்றத்தில் வெப்பம் 1.25 × 1.25, அதாவது 1.56 மடங்கு. 4.8 வோல்ட் செர்வோவில் ஃபுல் சார்ஜ் லைப்போவின் 8.4 வோல்டைக் கொடுத்தால் வோல்டேஜ் 1.75 மடங்குதான், ஆனால் வெப்பம் 3 மடங்குக்கு மேல்.

வேகமான வால் செர்வோக்களில் பெரும்பாலும் கோர்லெஸ் மோட்டார் இருக்கும். இரும்பு மையம் இல்லாததால் அது சட்டென்று திசை மாறும். அதே காரணத்தால் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளப் போதிய உடம்பு அதற்குக் கிடையாது. இன்னொன்றும் உண்டு. ஒரு திசையில் ஓடும் மோட்டாரைத் திடீரென்று எதிர்த்திசைக்குத் திருப்பினால், அது உண்டாக்கிக்கொண்டிருந்த பேக் இஎம்எஃப் சப்ளையோடு சேர்ந்துவிடும். அந்தக் கணத்தில் கரண்ட் ஸ்டால் கரண்டையும் தாண்டும். வால் செர்வோவின் முழு வேலையே திசை மாறுவதுதானே!

இதற்குப் பழகிய உதாரணம் ஃபுடாபாவின் ஜிஒய்401 ஜைரோவும் எஸ்9254 வால் செர்வோவும். அந்த செர்வோ 60 டிகிரி திரும்ப 0.06 விநாடிதான் எடுக்கும். ஆனால் அது 4.8 வோல்டுக்கானது. ஸ்வாஷ்பிளேட் செர்வோக்களை 6 வோல்டில் ஓட்டியவர்கள், வால் செர்வோவுக்கு மட்டும் தனியாகச் சுமார் 5.1 வோல்டாகக் குறைத்துக் கொடுத்தார்கள். அதற்கென்றே குட்டிக் குறைப்பான்கள் விற்பனைக்கும் வந்தன.

பேட்டரி லேபிளை நம்பாதீங்க

மேல் எல்லையைச் சரிபார்க்க, லேபிள் எண்ணை விட்டுவிட்டு ஃபுல் சார்ஜ் எண்ணை எடுங்கள்.

- 4 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு: லேபிளில் 4.8 வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் சுமார் 5.6.
- 5 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு: லேபிளில் 6.0. எடுத்தவுடன் சுமார் 7.
- 2 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்: லேபிளில் 6.6. ஃபுல் சார்ஜில் 7.2, கொஞ்சம் ஓடியதும் 6.6 அருகே வந்து நின்றுவிடும்.
- 2 செல் லைப்போ: லேபிளில் 7.4. ஃபுல் சார்ஜில் 8.4.

சில தயாரிப்பாளர்கள் "6.0 வோல்ட்" என்று எழுதும்போது 5 செல் பேட்டரியை நேரடியாக மாட்டலாம் என்ற பொருளில் எழுதுவார்கள். சிலர் உண்மையாகவே 6.0ஐத் தாண்டக் கூடாது என்பார்கள். மேனுவலைத் திறந்து பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

கீழ் எல்லை: மூன்றாவது ஃப்ளைட்டில் ஏன் விழுகிறது?

"மீட்டர்ல 4.8 காட்டுச்சு, நல்லாத்தானே இருந்துச்சு!" விழுந்த ஹெலிகாப்டரைப் பொறுக்கும்போது அடிக்கடி கேட்கும் வசனம் இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு செர்வோ 5 வோல்டில் முழு பலத்தோடு இழுக்கும்போது 2 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது 2.5 ஓம் ரெசிஸ்டர் மாதிரி. 4 செர்வோக்கள் பேரலலில் இருந்தால் 0.625 ஓம். பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ், ஸ்விட்ச், கனெக்டர், வயர் எல்லாம் சேர்ந்து 0.25 ஓம் என்று கொள்வோம். இப்போது இது நமக்கு நன்றாகத் தெரிந்த வோல்டேஜ் டிவைடர்.

ஃப்ளைட் தொடங்கும்போது பேட்டரி 5.2 வோல்ட் என்றால், ரிசீவரில் மிஞ்சுவது 5.2 × 0.625 ÷ 0.875 = 3.71 வோல்ட்.

இரண்டு ஃப்ளைட் முடிந்து பேட்டரி 4.8 வோல்டுக்கு வந்தால், 4.8 × 0.625 ÷ 0.875 = 3.43 வோல்ட்.

பல 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் 3.5 வோல்ட் அருகே வேலையை நிறுத்திவிடும். முதல் ஃப்ளைட்டில் 3.71, தப்பித்தது. மூன்றாவது ஃப்ளைட்டில் 3.43, ரீசெட். போதாததற்கு, சார்ஜ் குறையக் குறைய பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸும் ஏறும். காலையில் நன்றாகப் பறந்த அதே ஹெலிகாப்டர், அதே வித்தையில், மதியம் விழுவதன் ரகசியம் இதுதான். வேகமாக ஸ்டிக்கை அசைக்கும் அந்த ஒரு நொடியில்தான் 4 செர்வோக்களும் சேர்ந்து இழுக்கும். அதாவது, கட்டுப்பாடு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் வோல்டேஜ் சரியும்.

ஜைரோ ரீசெட் ஆனால் என்ன ஆகும்? ஆன் செய்தவுடன் ஹெலிகாப்டரைச் சில விநாடிகள் அசைக்காமல் வைக்கச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கா? அசையாமல் இருக்கும் நிலையை ஜைரோ அப்போதுதான் "சுழியம்" என்று மனதில் பதிக்கிறது. நடுவானில் ரீசெட் ஆனால், சுற்றிக்கொண்டிருக்கும் நிலையை அது சுழியம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் ஹெலிகாப்டர் சுற்றுவதுதான் சரி என்று ஜைரோ நினைக்கும். மின்சாரம் திரும்பி வந்தாலும் புத்தி திரும்பி வராது.

இப்போது வழியில் இருக்கும் 0.25 ஓமை 0.06 ஆகக் குறைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி, குட்டையான தடித்த வயர், தரமான ஸ்விட்ச், ரிசீவருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு லீடுகள். அதே 4.8 வோல்டில் மிஞ்சுவது 4.8 × 0.625 ÷ 0.685 = 4.38 வோல்ட். பேட்டரி வோல்டேஜை ஏற்றவே இல்லை. கிட்டத்தட்ட 1 வோல்ட் திரும்பக் கிடைத்துவிட்டது.

"ஒரு கெபாசிட்டர் போட்டா சரியாயிடாதா?" பாதி சரி. 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 5 ஆம்பியர் கொடுத்தால், அதன் வோல்டேஜ் 1 வோல்ட் இறங்க ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. மிகக் குறுகிய பள்ளங்களை அது நிரப்பும். செர்வோ இழுப்பு பத்து இருபது மில்லி விநாடி நீடித்தால் கெபாசிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. மோசமான பேட்டரிக்கு அது மருந்தல்ல.

வாலுக்குத் தனி வோல்டேஜ் கொடுப்பது எப்படி?

ஸ்வாஷ்பிளேட் செர்வோக்களுக்கு 6 வோல்ட், வால் செர்வோவுக்கு 5 வோல்ட் வேண்டும் என்றால் மூன்று வழிகள்.

முதல் வழி, சிலிக்கான் டையோடு. வால் செர்வோவின் பாசிட்டிவ் வயரில் சீரிஸாக ஒன்று. விலை சில ரூபாய்தான், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சுமார் 0.7 வோல்ட் குறையும். கரண்ட் ஏறினால் இந்த இழப்பும் கொஞ்சம் ஏறும். அதாவது செர்வோவுக்குப் பலம் தேவைப்படும்போது கூடுதலாகப் பிடுங்கிக்கொள்ளும். 1என்4001 வேண்டாம், அது 1 ஆம்பியருக்கானது. 3 ஆம்பியர் தாங்கும் 1என்5400 எடுங்கள். ஷாட்கி டையோடில் இழப்பு இதைவிடக் குறைவு; இங்கே நமக்கு இழப்புதானே வேண்டும்!

இரண்டாவது வழி, லீனியர் ரெகுலேட்டர். கூடுதல் வோல்டேஜ் முழுவதையும் இது வெப்பமாக்கிவிடும். 6.0லிருந்து 5.1க்கு, சராசரி 0.5 ஆம்பியர் என்றால் 0.45 வாட். பிரச்சினை இல்லை. ஆனா லேப்ல கிடக்குதேன்னு 7805ஐ எடுத்து மாட்டிடாதீங்க. 1 ஆம்பியர் ஓடும்போது அதற்கு உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிடச் சுமார் 2 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். 6 வோல்ட் கொடுத்தால் சுமார் 4 வோல்ட்தான் வெளியே வரும். லோ டிராப் அவுட் வகை ரெகுலேட்டர்தான் இங்கே சரி. அதுவும் செர்வோவின் உச்சக் கரண்டைத் தாங்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஸ்விட்சிங் ரெகுலேட்டர். எலெக்ட்ரிக் ஹெலிகாப்டரில் 22.2 வோல்ட் மெயின் பேட்டரியிலிருந்து நேராக 5 வோல்ட் எடுக்க இதுதான் வழி. லீனியராகச் செய்தால் 2 ஆம்பியருக்கே 34 வாட் வெப்பம். நம்ம லேப் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் உச்சக் கரண்ட் எவ்வளவு, தொடர்ச்சியான கரண்ட் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் உச்ச எண்.

எந்த வழியானாலும் இரண்டு விதிகள்.

ஒன்று, குறைப்பானை ஜைரோவுக்கும் வால் செர்வோவுக்கும் நடுவில் வைக்க வேண்டும். ரிசீவருக்கும் ஜைரோவுக்கும் நடுவில் வைத்தால், செர்வோ இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஜைரோவின் சப்ளையும் சேர்ந்து சரியும். நாம் காப்பாற்ற நினைத்ததே முதலில் மயங்கும்.

இரண்டு, பாசிட்டிவ் வயரில் மட்டும். கிரவுண்ட் வயரைத் தொடக் கூடாது. சிக்னல் பல்ஸை செர்வோ அளப்பது அந்தக் கிரவுண்டை வைத்துத்தான். அங்கே டையோடு போட்டால் செர்வோவின் தரையே 0.7 வோல்ட் மேலே போய்விடும்.

ரெகுலேட் செய்வதால் இன்னொரு நன்மை

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது பிடிக்கும். ஜைரோவும் வால் செர்வோவும் சேர்ந்து ஒரு ஃபீட்பேக் லூப். செர்வோவின் வேகம் குறைந்தால் லூப்பில் தாமதம் கூடும். தாமதம் கூடினால் பழைய கெயினில் வால் ஆட ஆரம்பிக்கும், நாய் வாலாட்டுவது போல. ரெகுலேட்டர் இல்லாமல் பேட்டரியை நேரடியாக மாட்டினால், சார்ஜ் இறங்கும்போது செர்வோ வேகமும் மாறும். ஃபுல் சார்ஜில் செட் பண்ணின கெயின் கடைசி நிமிஷத்துல சரியா இருக்காது. வோல்டேஜ் நிலையாக இருந்தால் கெயினை ஒரு முறை செட் செய்தால் போதும். செர்வோ வோல்டேஜை மாற்றினால் கெயினையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பதும் இதிலிருந்து வருவதுதான்.

அளந்து பாருங்க

முதலில் மெயின் பிளேடுகளையும் வால் பிளேடுகளையும் கழற்றுங்கள். எலெக்ட்ரிக் ஹெலிகாப்டர் என்றால் மோட்டாரின் 3 வயர்களையும் பிரித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போக வேண்டாம்.

வழியின் ரெசிஸ்டன்ஸ்: ரிசீவருக்குப் போகும் கனெக்டரில் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை மாட்டுங்கள். மாட்டும் முன் 5.20 வோல்ட், மாட்டிய பின் 4.94 வோல்ட் என்றால் கரண்ட் 4.94 ÷ 4.7 = 1.05 ஆம்பியர். ரெசிஸ்டன்ஸ் 0.26 ÷ 1.05 = சுமார் 0.25 ஓம். ரெசிஸ்டர் சுடும், கையால் பிடிக்காதீங்க. ஸ்விட்ச், கனெக்டர் எல்லாம் சேர்த்தே அளக்க வேண்டும். பேட்டரியை மட்டும் அளந்தால் பாதி உண்மைதான் தெரியும்.

குறைந்தபட்ச வோல்டேஜ்: சாதாரண மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். பத்து மில்லி விநாடிப் பள்ளம் அதன் கண்ணில் படாது. லேபில் ஆசிலாஸ்கோப் இருக்கிறதே! ரிசீவரின் காலி சேனலில் பாசிட்டிவ், கிரவுண்டில் புரோபை வைத்து, ஓய்வில் இருக்கும் வோல்டேஜுக்கு அரை வோல்ட் கீழே ஃபாலிங் எட்ஜ் டிரிகர், சிங்கிள் மோட். இரண்டு ஸ்டிக்குகளையும் வேகமாகக் கலக்குங்கள். திரையில் தெரியும் பள்ளத்தின் அடி எண்தான் நீங்கள் தேடியது. பறக்கும்போது பிளேடின் சுமையும் சேரும் என்பதால், 3.5க்கு மேல் இருந்தால் போதும் என்று விட்டுவிடாமல் ஒரு வோல்டாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டை அளக்க மல்டிமீட்டரை சீரிஸில் போட வேண்டாம். அதன் வயரும் ஃபியூஸும் கூடுதல் ரெசிஸ்டன்ஸ். அளக்கப் போய் பிரச்சினையை நாமே உண்டாக்குவோம். 0.01 ஓம் ஷண்ட் போதும். 8 ஆம்பியருக்கு 80 மில்லி வோல்ட் காட்டும்.

இப்போ எல்லாம் 8.4 வோல்ட் செர்வோ வந்துடுச்சே?

வந்துவிட்டது. ஹை வோல்டேஜ் செர்வோக்களை 2 செல் லைப்போவில் நேரடியாக ஓட்டலாம். ரெகுலேட்டர் என்ற ஒரு பழுதாகும் பொருள் குறைகிறது; கீழ் எல்லையும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் 3 ஹை வோல்டேஜ் செர்வோக்களோடு ஒரே ஒரு பழைய வால் செர்வோவைச் சேர்த்தால் கதை மறுபடி முதலிலிருந்துதான். ரிசீவர், ஜைரோ, செர்வோ மூன்றின் மேல் எல்லையையும் எழுதி, அவற்றில் சிறியதை எடுங்கள். முழு சிஸ்டத்துக்கும் அதுதான் எல்லை. இல்லையென்றால் அந்தக் கிளைக்கு மட்டும் குறைப்பான்.

உங்களுக்கு ஒரு கணக்கு

பேட்டரி 6.4 வோல்ட். வழியில் 0.10 ஓம். 2.5 ஓம் செர்வோக்கள் 4. ரிசீவரில் மிஞ்சும் குறைந்தபட்ச வோல்டேஜ் எவ்வளவு? அதே சிஸ்டத்தில் தேய்ந்த கனெக்டர் ஒன்று 0.30 ஓமைக் கூட்டினால் எவ்வளவு?

விடை: 5.52 வோல்ட், 3.90 வோல்ட். நாற்பது ரூபாய்க் கனெக்டர் ஒன்று ஒன்றரை வோல்டுக்கு மேல் சாப்பிடுகிறது. அடுத்த முறை ஃபீல்டுக்குக் கிளம்பும் முன் ஸ்விட்சையும் கனெக்டரையும் ஒரு தடவை அளந்துட்டுப் போங்க.